டெபியன் ஃப்ரீஸில் கடைசி நேரத் திருத்தம்: அப்லோடுக்கு முன்னும் பின்னும்

டெபியன் என்ற லினக்ஸ் விநியோகத்தில் பேக்கேஜ்கள் முதலில் அன்ஸ்டேபிள் என்ற தொகுப்பில் ஏறும், அங்கே பழுதில்லாமல் இருந்தால் டெஸ்டிங்குக்கு நகரும்; அந்த டெஸ்டிங்தான் பின்பு ஸ்டேபிள் என்ற வெளியீடாகிறது. வெளியீட்டுக்கு முன் மாற்றங்களைக் கட்டுப்படுத்தும் காலம்தான் ஃப்ரீஸ். ஃப்ரீஸ் காலத்தில் ஒரு நல்ல திருத்தம் டெஸ்டிங்குக்குப் போய்ச் சேராமல் நின்றால், காரணம் அனேகமாக இரண்டில் ஒன்றாக இருக்கும். ரிலீஸ் டீமில் இருப்பவர் உட்கார்ந்து படித்து முடிக்க முடியாத அளவுக்கு மாற்றம் பெருத்திருக்கும். இல்லையென்றால் அன்ஸ்டேபிளில் இருக்கும் வேறொன்றோடு அது பின்னிக்கொண்டிருக்கும். இரண்டையுமே அப்லோடுக்கு முன்பே தவிர்த்துவிடலாம். அப்லோடு ஆன பிறகு சரிசெய்வதற்குத்தான் நாள் கணக்கில் ஆகும்.

இப்போது எந்தக் கதவு திறந்திருக்கிறது?

ஃப்ரீஸ் வந்ததும் எல்லாக் கதவுகளும் ஒரே நாளில் மூடிவிடுவதில்லை. ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டே வருவார்கள். டெபியன் 13 ட்ரிக்ஸியை எடுத்துக்கொள்ளலாம். 2025 மார்ச் 15இல் ட்ரான்சிஷன் ஃப்ரீஸ் தொடங்கியது. ஒரு லைப்ரரி மாறியதால் அதை நம்பியிருக்கும் எல்லாவற்றையும் மறுபடி பில்ட் செய்ய வேண்டி வரும் வேலைகளும், கம்பைலர் போன்ற அடிப்படைக் கருவிகளில் கைவைப்பதும் அன்றோடு நின்றன. ஏப்ரல் 15 சாஃப்ட் ஃப்ரீஸ். அன்று டெஸ்டிங்கில் இல்லாத பேக்கேஜுக்கு அதன்பின் இடமில்லை. நீக்கப்பட்டது திரும்பி வரவும் முடியாது. அவசரக் குறியைப் பொறுத்து 10, 5, 2 நாள் என்றிருந்த காத்திருப்பு எல்லோருக்கும் 10 நாள் ஆனது. மே 15இல் ஹார்டு ஃப்ரீஸ். கீ பேக்கேஜ்களும், தானியங்கிச் சோதனை இல்லாதவையும் ரிலீஸ் டீம் கையால் திறந்துவிட்டால்தான் நகரும். மற்றவை 20 நாள் பழுதில்லாமல் இருந்தால் தாமாகவே போகும். ஜூலை 27இல் வந்த ஃபுல் ஃப்ரீஸில் எதுவானாலும் அனுமதி வேண்டும். ஆகஸ்ட் 9இல் வெளியீடு.

பலர் சறுக்குவது அந்த 20 நாள் கணக்கில். ஜூலை 10 அன்று அப்லோடு செய்தவருடைய 20 நாள் ஜூலை 30இல் முடியும். அதற்குள் ஃபுல் ஃப்ரீஸ் வந்துவிட்டது. தானாகப் போய்விடும் என்று நம்பி உட்கார்ந்திருந்தால் ஜூலை 27 காலையில்தான் விஷயம் தெரியும். ஃபுல் ஃப்ரீஸ் தேதியிலிருந்து 20 நாளைப் பின்னோக்கி எண்ணி, அந்தத் தேதிக்குப் பிறகு செய்யும் எந்த அப்லோடுக்கும் அனுமதி கேட்டுவிடுங்கள்.

உங்கள் பேக்கேஜ் எந்த வகை என்பதைப் பேக்கேஜ் ட்ராக்கர் பக்கத்திலும், பிரிட்னி எழுதிவைக்கும் எக்ஸ்க்யூசஸ் பட்டியலிலும் பார்க்கலாம். அன்ஸ்டேபிளிலிருந்து டெஸ்டிங்குக்கு எது போகலாம் என்று முடிவுசெய்யும் நிரல்தான் பிரிட்னி. டெர்மினலில் டெவ்ஸ்கிரிப்ட்ஸ் பேக்கேஜில் வரும் கிரெப்-எக்ஸ்க்யூசஸ் அதே பதிலைத் தரும். நிறையப் பேர் நிறுவியிருப்பவை, நிறுவி நிரலுக்குத் தேவையானவை, இவற்றை பில்ட் செய்யத் தேவையானவை எல்லாம் கீ பேக்கேஜ் கணக்கில் வந்துவிடும். ஆகவே பெயர் தெரியாத ஒரு சிறு லைப்ரரிகூடக் கீ பேக்கேஜாக இருக்கலாம்; ஊகிக்காமல் பார்த்துவிடுங்கள். பேக்கேஜ், நிறுவி நிரல் பயன்படுத்தும் சிறு பேக்கேஜான யூடெப் கோப்பையும் உருவாக்குகிறது என்றால் நிறுவி நிரலைக் கவனிப்பவர்களின் சம்மதமும் தனியாக வேண்டும். அதற்கான நாட்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இந்தத் திருத்தம் தேவைதானா?

கிரிட்டிகல், கிரேவ், சீரியஸ் தரத்தில் உள்ள வழுக்கள் வெளியீட்டையே நிறுத்தக்கூடியவை. அவற்றுக்கான திருத்தம் என்றால் யோசிக்க ஒன்றுமில்லை, செய்யுங்கள். இம்பார்ட்டன்ட் தரத்தில் உள்ளவற்றுக்கு, ஆபத்தில்லாமல் அன்ஸ்டேபிள் வழியாகவே போக முடியும் என்றால் அனுமதி கிடைக்கும். ஆவணப் பிழைகளும் மொழிபெயர்ப்புகளும் பொதுவாக ஏற்கப்படும். மற்றவை அடுத்த வெளியீட்டுக்குக் காத்திருக்கட்டும்.

அனுமதி கிடைக்க வேண்டுமென்று வழுவின் தரத்தை உயர்த்துவது தப்பு. மெனுவில் ஓர் எழுத்து வெட்டுப்பட்டுத் தெரிவதை கிரேவ் என்று குறித்தால், அந்தக் குறியே உங்கள் பேக்கேஜை டெஸ்டிங்கிலிருந்து தானாக நீக்கும் பட்டியலில் ஏற்றிவிடும். சாஃப்ட் ஃப்ரீஸுக்குப் பின் நீக்கப்பட்டால் திரும்பி வர வழியில்லை.

திருத்தத்தோடு சேர்ந்து எவையெல்லாம் வரக்கூடாது? பேக்கேஜ் கட்ட உதவும் டெப்ஹெல்பர் கருவியின் கம்பாட் (பொருந்து நிலை) அளவை உயர்த்துவது, பில்ட் முறையை மாற்றுவது, பைனரி பேக்கேஜைப் புதிதாகச் சேர்ப்பது அல்லது பிரிப்பது, கட்டுப்பாட்டுக் கோப்பின் வரிகளை அகர வரிசையில் அடுக்கி அழகுபடுத்துவது. எல்லாமே நல்ல வேலைகள்தான். ஆனால் கம்பாட் அளவு ஓர் எண் ஏறினால், நீங்கள் ஒரு வரிகூட எழுதாமலே கோப்புகள் போய் உட்காரும் இடமும், சர்வீஸ்கள் எப்போது ரீஸ்டார்ட் ஆகும் என்பதும், பராமரிப்பு ஸ்கிரிப்டுகளுக்குள் நுழையும் நிரல் துண்டுகளும் மாறக்கூடும். டிஃப்பில் (பழையதற்கும் புதியதற்கும் உள்ள வேறுபாட்டுப் பட்டியலில்) தெரிவது ஒரே ஓர் எண். அதைப் படிப்பவரால் விளைவைக் காணவே முடியாது.

டிஃப் சிறியதாக இருக்கிறது என்பதற்காக அதை நம்பிவிடவும் முடியாது. 2006இல் குறியாக்கத்துக்கான டெபியனின் ஓப்பன்எஸ்எஸ்எல் பேக்கேஜில், துவக்கப்படாத நினைவகத்தைப் பற்றி சோதனைக் கருவி எச்சரித்ததால் ஓரிரண்டு வரிகளை முடக்கினார்கள். அதன் பிறகு சாவிகளின் தற்செயல் தன்மைக்கு மிஞ்சியது ப்ராசஸ் எண் மட்டும்தான்: அதிகபட்சம் 32,768 வாய்ப்புகள். அந்த வரிகளோடுதான் 2007 ஏப்ரலில் டெபியன் 4.0 வெளிவந்தது. 2008 மே 13இல்தான் விஷயம் வெளியே வந்தது. எத்தனை வரி மாறுகிறது என்பதோடு, அந்த வரி எதைக் காத்துக்கொண்டிருந்தது என்பதற்கும் உங்களிடம் பதில் இருக்க வேண்டும்.

அன்ஸ்டேபிளின் நிலை: முதலில் பார்க்க வேண்டியது

பேட்ச் எழுதத் தொடங்கும் முன் ஆர்மேடிசன் கட்டளையை ஓட்டி, டெஸ்டிங்கிலும் அன்ஸ்டேபிளிலும் எந்தப் பதிப்பு இருக்கிறது என்று பாருங்கள். மொத்த வேலையும் எப்படிப் போகும் என்பதை அந்த இரண்டு எண்கள் சொல்லிவிடும்.

இரண்டிலும் ஒரே பதிப்பு, 2.4.1-3 என்று வைத்துக்கொள்வோம். இதுதான் நல்ல நிலை. 2.4.1-4 தயாரித்து அன்ஸ்டேபிளுக்கு அனுப்பினால் போதும்.

அன்ஸ்டேபிளில் ஏற்கெனவே 2.5.0-1 ஏறியிருந்தால் சிக்கல். டெஸ்டிங்குக்குப் போகும் இயல்பான பாதை அன்ஸ்டேபிள் வழியாகத்தான். அந்தப் பாதையில் புதிய பதிப்பு குறுக்கே நிற்கிறது. ஃப்ரீஸ் தொடங்கியதிலிருந்து புதிய பதிப்புகளை, சோதனைக்கான தனித் தொகுப்பான எக்ஸ்பெரிமென்டலுக்கே அனுப்ப வேண்டும் என்று திரும்பத் திரும்பச் சொல்வது இதற்காகத்தான். ஆனது ஆகிவிட்டது என்றால் வழி இரண்டு.

முதல் வழி, பழைய நிரலையே பெரிய எண்ணோடு மறுபடி ஏற்றுவது. பதிப்பு எண் கீழிறங்குவதை ஆவணகம் ஏற்காது, பேக்கேஜை நிறுவும் கருவியான ஏப்டும் புதிதாகக் கருதாது. அதனால் 2.5.0+ரியலி2.4.1-1 என்று எழுதுவது வழக்கம். முன்னொட்டாக ஈபாக் எண்ணைச் சேர்த்தும் இதைச் செய்யலாம். ஆனால் ஈபாக் ஒருமுறை ஏறினால் அந்தப் பேக்கேஜின் ஆயுள் முழுக்க இறங்காது. ரியலி அடுத்த பெரிய பதிப்போடு மறைந்துவிடும். 2024 மார்ச்சில் கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட்டின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்கதவு இருப்பது தெரிந்ததும் டெபியன் 5.6.1+ரியலி5.4.5-1 என்ற எண்ணில்தான் பழையதைத் திரும்பக் கொண்டுவந்தது.

இரண்டாவது வழி டெஸ்டிங்-ப்ரொபோஸ்டு-அப்டேட்ஸ். டெஸ்டிங்கில் உள்ள நிரலின் மேலேயே திருத்தி, 2.4.1-3+டெப்13யூ1 போன்ற எண்ணோடு நேராக அங்கே அனுப்புவது. இது கடைசி வழி. அன்ஸ்டேபிளில் ஆயிரக்கணக்கானோர் தினமும் பேக்கேஜைப் பயன்படுத்துவதால் பிழைகள் சீக்கிரம் தெரிந்துவிடும். இந்தப் பாதையில் அப்படி யாரும் பார்ப்பதில்லை. ரிலீஸ் டீம் முன்கூட்டியே சரி என்று சொல்லாமல் அங்கே எதையும் ஏற்றாதீர்கள்.

மூன்றாவதாக ஒரு நிலை உண்டு. ஆர்மேடிசனில் தெரியாது என்பதால் அனுபவசாலிகளையும் கவிழ்த்துவிடும். உங்கள் பேக்கேஜ் இரண்டு இடத்திலும் ஒன்றுதான், ஆனால் நீங்கள் நம்பியிருக்கும் லைப்ரரி அன்ஸ்டேபிளில் மட்டும் முன்னேறியிருக்கிறது. டெஸ்டிங்கில் 3.1, அன்ஸ்டேபிளில் 3.2 என்று வைத்துக்கொள்வோம். உங்கள் பேக்கேஜ் அன்ஸ்டேபிளில்தான் பில்ட் ஆகும். அப்போது அந்த லைப்ரரியின் ஷ்லிப்ஸ் கோப்பு 3.2 அல்லது அதற்கு மேல் வேண்டும் என்று சொன்னால், அந்த வரி அப்படியே உங்கள் டிபென்ட்ஸ் புலத்தில் ஏறிவிடும். ஒரே வரி மாற்றிய உங்கள் திருத்தம், டெஸ்டிங்குக்கு வரவே முடியாத லைப்ரரியோடு கட்டுண்டு நிற்கும். லைப்ரரி சிம்பல்ஸ் கோப்பு வைத்திருந்தால் ஆபத்து குறைவு: ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும் தனித்தனியே குறைந்தபட்சப் பதிப்பு இருக்கும், நீங்கள் பயன்படுத்தாத புதிய ஃபங்ஷனுக்காக எண் ஏறாது.

அப்லோடுக்கு முன்பே இதைக் கண்டுபிடிக்கலாம். சுத்தமான அன்ஸ்டேபிள் க்ரூட்டில் (கணினிக்குள் தனித்து இயங்கும் சூழலில்) எஸ்பில்ட் கருவி மூலம் பில்ட் செய்து, வந்த டெப் கோப்பையும் டெஸ்டிங்கிலிருந்து இறக்கிய டெப் கோப்பையும் இரண்டையும் ஒப்பிடும் டெப்டிஃப் கருவியிடம் கொடுங்கள். கோப்புப் பட்டியலில் வந்த மாற்றத்தையும், டிபென்ட்ஸ் வரியில் கூடிய, குறைந்த சொற்களையும் காட்டும். அங்கே லைப்ரரியின் எண் ஏறியிருந்தால் நிறுத்துங்கள். அந்த லைப்ரரிக்கு அனுமதி கேட்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அதன் பராமரிப்பாளரிடமும் ரிலீஸ் டீமிடமும் பேசிவிட்டுத் தொடருங்கள்.

திருத்தத்தைத் தயாரிப்பது

டெஸ்டிங்கில் உள்ள மூல பேக்கேஜை இறக்கி அதிலிருந்தே தொடங்குங்கள். உங்கள் கிட் களஞ்சியத்தின் முதன்மைக் கிளையில் இரண்டு மாதத்து மாற்றங்கள் சேர்ந்திருக்கும்; அங்கிருந்து தொடங்கினால் எல்லாம் சேர்ந்து வந்துவிடும். ட்ரிக்ஸிக்கென்று தனிக் கிளை ஒன்று வெட்டிக்கொண்டால் வெளியீடு வரைக்கும், அதன் பிறகும் உதவும்.

அப்ஸ்ட்ரீம் (நிரலின் மூல ஆசிரியர்கள்) தங்கள் புதிய பதிப்பில் வழுவைச் சரிசெய்திருந்தால், அந்த கமிட்டை மட்டும் எடுத்து குவில்ட் பேட்ச்சாகச் சேருங்கள். பேட்ச்சின் தலைப்பில் அது எங்கிருந்து எடுக்கப்பட்டது, எந்த வழுவுக்கானது என்று எழுதுங்கள். கமிட்டில் இடைவெளித் திருத்தங்களும் பெயர் மாற்றங்களும் கலந்திருந்தால் தேவையான பகுதியைப் பிரித்தெடுங்கள். அப்படிப் பிரித்ததையும் தலைப்பில் சொல்லுங்கள், ஒப்பிட்டுப் பார்ப்பவர் குழம்பக்கூடாது.

‘வழுத் திருத்தங்கள் மட்டும்தானே, புதிய பதிப்பையே ஏற்றிவிடலாமே’ என்று தோன்றும். 2.4.1க்கும் 2.4.2க்கும் இடையில் உண்மையிலேயே ஐந்து கமிட்தான் என்றால் கேட்டுப் பார்க்கலாம். மறுக்கவே மறுப்பார்கள் என்றில்லை. அப்போதும் டார்பாலை (வெளியீட்டு மூலத் தொகுப்பை) அதே டேகின் கிட் நிரலோடு ஒப்பிடுங்கள். எக்ஸ்இசட்டின் பின்கதவைத் திறந்துவிடும் எம்4 கோப்பு வெளியீட்டு டார்பாலில் மட்டும்தான் இருந்தது, கிட்டில் இல்லை. தீங்கு நிரலின் உடல் டெஸ்ட் கோப்புகள் என்ற பெயரில் ஒளிந்திருந்தது. யாரும் படிக்காமல் தாண்டிவிடும் இடங்கள் அவை. உபுண்டு 24.04இன் ஃபீச்சர் ஃப்ரீஸ் நடந்துகொண்டிருந்த 2024 மார்ச் இறுதியில், எக்ஸ்இசட்டைப் பராமரித்துவந்த அதே பெயரிலிருந்து 5.6.1ஐ உபுண்டுவில் சேர்க்கக் கோரிக்கை போனது. மறுநாளே பின்கதவு அம்பலமானது. உபுண்டு தன் பீட்டாவை ஏப்ரல் 4இலிருந்து 11க்குத் தள்ளிவைத்து, பைனரிகளை மறுபடி பில்ட் செய்ய வேண்டியதாயிற்று. ஃப்ரீஸ் நேரத்தில் ‘இந்தப் புதிய பதிப்பைச் சீக்கிரம் சேருங்கள்’ என்று யாராவது நெருக்கினால், நெருக்குவதையே நிதானிக்கும் காரணமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

சேஞ்ச்லாக் பதிவு முக்கியம். ‘செயலிழப்பைச் சரிசெய்யும் பேட்ச் சேர்க்கப்பட்டது’ என்று எழுதினால் படிப்பவருக்கு ஒன்றும் தெரியாது. ‘உள்ளீட்டுக் கோப்பின் அளவு 0 ஆக இருக்கும்போது நீளத்தைக் கழித்து எதிர்மறை எண் வந்து செயலிழப்பதைத் தடுக்கிறது; அப்ஸ்ட்ரீம் 2.5.0இலிருந்து எடுத்தது’ என்று எழுதி, குளோசஸ் என்ற சொல்லோடு வழு எண்ணைச் சேருங்கள். டிஃப்பில் இருப்பது ஒவ்வொன்றும் இந்தப் பதிவில் இருக்க வேண்டும். பதிவில் இல்லாத ஒரு வரி டிஃப்பில் இருந்தால், ‘இது எதற்கு?’ என்று கேள்வி வரும். அதற்கு இரண்டு நாள் போய்விடும்.

சோதனை

எஸ்பில்ட் முடிந்ததும் பேக்கேஜின் தானியங்கிச் சோதனைகளை ஓட்டும் ஆட்டோபிகேஜிடெஸ்ட், பிறகு நிறுவுதல், நீக்குதல், முழுமையாகத் துடைத்தல் மூன்றையும் சரிபார்க்க பியூபார்ட்ஸ். இவை எல்லோரும் செய்பவை. ஃப்ரீஸில் இன்னொன்று கட்டாயம்: முந்தைய ஸ்டேபிளிலிருந்து மேம்படுத்திப் பார்ப்பது. வெளியீட்டு நாளில் பெரும்பாலானோர் செய்யப்போவது அதைத்தான்.

எம்எம்டெப்ஸ்ட்ராப்பில் புக்வர்ம் (ட்ரிக்ஸிக்கு முந்தைய ஸ்டேபிள்) க்ரூட் ஒன்றை உருவாக்குங்கள். அங்கே உங்கள் பேக்கேஜின் பழைய பதிப்பை நிறுவி, அமைப்புக் கோப்பில் ஒரு வரியைக் கையால் மாற்றுங்கள். பிறகு மூலப் பட்டியலை ட்ரிக்ஸிக்கு மாற்றி, உங்கள் புதிய டெப் கோப்பையும் உள்ளூர் களஞ்சியமாகச் சேர்த்து, ஏப்ட் ஃபுல்-அப்கிரேடு ஓட்டுங்கள். கவனிக்க வேண்டியவை: அந்தக் கை மாற்றம் பிழைத்ததா, சர்வீஸ் மறுபடி எழுந்ததா, வேறொரு பேக்கேஜின் கோப்பை மேலெழுத முயல்வதாக டிபிகேஜி திட்டுகிறதா. இந்தக் கடைசிப் பிழை வந்தால், ஒரு கோப்பு ஒரு பேக்கேஜிலிருந்து இன்னொன்றுக்கு மாறியிருக்கிறது, பிரேக்ஸ், ரிப்ளேசஸ் வரிகள் விடுபட்டிருக்கின்றன அல்லது அவற்றில் பதிப்பு எண் தவறு என்று பொருள். லிப் அடைவிலிருந்து யூஎஸ்ஆர்-லிப் அடைவுக்கு இடம் மாறுவதும், பேக்கேஜ் மாறுவதும் ஒரே சமயத்தில் நடந்தால் மேம்படுத்தும்போது கோப்பே காணாமல் போகலாம். அந்த வேலையை ஃப்ரீஸில் தொடவே வேண்டாம்.

லைப்ரரி என்றால், அதை நம்பியிருக்கும் பேக்கேஜ்களில் சிலவற்றையாவது மறுபடி பில்ட் செய்து பாருங்கள். ராட் என்ற கருவி இதை ஒரே ஓட்டத்தில் செய்துதரும்.

டெப்டிஃப்பும் விண்ணப்பமும்

டெஸ்டிங்கில் உள்ள மூலத்தின் டிஎஸ்சி (மூல பேக்கேஜின் விவரக்) கோப்பையும் உங்கள் புதிய டிஎஸ்சி கோப்பையும் டெப்டிஃப்புக்குக் கொடுத்து வெளியீட்டைக் கோப்பாகச் சேமியுங்கள். அன்ஸ்டேபிளின் முந்தைய பதிப்போடு ஒப்பிடுவது அடிக்கடி நடக்கும் தவறு. டெஸ்டிங்கில் 2.4.1-3 இருக்க, அன்ஸ்டேபிளில் 2.4.1-4 தேங்கியிருந்து, நீங்கள் 2.4.1-5 அனுப்பினால், டெஸ்டிங்குக்குப் போகப்போவது இரண்டு பதிப்பின் மாற்றங்களும். டிஃப்பில் இரண்டுமே தெரிய வேண்டும்.

அதை அனுப்பும் முன் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை நீங்களே படியுங்கள். தானாக உருவான கோப்புகளால் டிஃப் ஆயிரக்கணக்கான வரியாக வீங்கியிருந்தால், ஃபில்டர்டிஃப்பால் அவற்றை விலக்கிய சுருக்கப் பிரதியை இணைக்கலாம். எதையெல்லாம் விலக்கினீர்கள் என்பதை விண்ணப்பத்தில் எழுதுங்கள். முழு டிஃப்பையும் கேட்டால் தரத் தயாராக இருங்கள்.

ரிப்போர்ட்பக் கருவியில் ரிலீஸ்.டெபியன்.ஆர்க் என்ற போலி பேக்கேஜைத் (ரிலீஸ் டீமுக்கான கோரிக்கைகள் சேரும் இடம்) தேர்ந்தெடுத்து, அன்பிளாக் (தடை நீக்கும்) வகையைச் சொன்னால் படிவத்தை அதுவே திறந்துதரும். விண்ணப்பம் ஆங்கிலத்தில் போகும். உள்ளே இருக்க வேண்டியது இவ்வளவுதான்:

காரணம்: காலியான கோப்பைத் திறந்தால் செயலிழக்கிறது. சீரியஸ் தர வழு.
தாக்கம்: அனுமதிக்காவிட்டால் பேக்கேஜ் நீக்கப்படும், அதை நம்பியிருக்கும் இரண்டு பேக்கேஜ்களும் சேர்ந்து போகும்.
சோதனை: அப்ஸ்ட்ரீமின் புதிய சோதனை இந்த நிலையைத் தொடுகிறது, ஆட்டோபிகேஜிடெஸ்டில் ஓடுகிறது. புக்வர்மிலிருந்து மேம்படுத்தியும் பார்த்தாயிற்று.
ஆபத்து: ஒரே ஃபங்ஷனில் 4 வரி. கோப்பில் ஏதாவது இருந்தால் பழைய பாதையே ஓடும்.

இதற்குக் கீழே மூன்று கட்டங்கள்: எல்லா மாற்றங்களும் சேஞ்ச்லாகில் உள்ளன, எல்லாவற்றையும் நானே பார்த்து ஒப்புக்கொள்கிறேன், டெஸ்டிங்கோடு ஒப்பிட்ட டெப்டிஃப் இணைக்கப்பட்டுள்ளது. கடைசியில் அன்பிளாக் என்ற சொல்லும், பேக்கேஜ் பெயரும், சாய்கோட்டுக்குப் பின் பதிப்பு எண்ணும்.

ஆபத்துப் பகுதியில் ‘ஆபத்தில்லை’ என்று மட்டும் எழுதுபவர்கள் நிறையப் பேர். அது எதையும் சொல்லவில்லை. தவறாகப் போனால் எது உடையும், யாருக்கு உடையும் என்று எழுதுங்கள். அந்த இரண்டு வரி எழுத முடியவில்லை என்றால் திருத்தம் இன்னும் உங்களுக்கே முழுதாகப் புரியவில்லை என்று அர்த்தம். புதிய பதிப்பு ஒன்றைக் கொண்டுவந்துவிட்டு ‘சிறு திருத்தம்’ என்று தலைப்பிடுவது முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது போல. டிஃப் இணைந்திருக்கிறது, பார்ப்பார்கள்.

அனுமதி கிடைக்குமா என்ற சந்தேகம் இருந்தால், அப்லோடுக்கு முன்பே விண்ணப்பியுங்கள். முன்னனுமதி என்று தலைப்பில் குறிப்பிட்டு மோர்இன்ஃபோ (மேலும் தகவல் தேவை) டேகோடு அனுப்புங்கள். சம்மதம் வந்து, அப்லோடு செய்து, ஆவணகம் ஏற்றுக்கொண்ட பிறகு அந்த டேகை நீக்குங்கள். நீக்க மறந்தால், இன்னும் உங்களிடமிருந்து பதில் வரவேண்டும் என்றே ரிலீஸ் டீம் எடுத்துக்கொள்ளும். வாரக்கணக்கில் கேட்பாரற்றுக் கிடக்கும் விண்ணப்பங்களைத் திறந்து பார்த்தால் இந்த டேக்தான் மிச்சமிருக்கும்.

அப்லோடுக்குப் பின்

மூலத்தை மட்டும் அனுப்புங்கள். பராமரிப்பாளரின் கணினியில் பில்ட் ஆன பைனரிகள் டெஸ்டிங்குக்குப் போகாது. டெபியனின் பில்ட் இயந்திரங்களில் உருவானவைதான் போகும். பழக்கதோஷத்தில் பைனரியோடு அனுப்பிவிட்டால் எண்ணை உயர்த்தி மறுபடி அனுப்ப வேண்டியிருக்கும், காத்திருப்பும் முதலிலிருந்து தொடங்கும்.

அடுத்த சில மணி நேரத்தில் பில்ட் பதிவுகளைப் பாருங்கள். ட்ரிக்ஸியில் ஆர்ம், பவர், ரிஸ்க்-ஃபைவ் என்று பல கட்டமைப்புகள் இருக்கின்றன. ரிஸ்க்-ஃபைவுக்கு அதுதான் முதல் அதிகாரப்பூர்வ வெளியீடு. உங்கள் மடிக்கணினியில் ஓடிய சோதனை எஸ்390எக்ஸில் மட்டும் தோற்றால், பைட் வரிசையைச் சந்தேகியுங்கள்; அந்தப் பட்டியலில் பிக்-என்டியன் அது ஒன்றுதான். நேரம் தாண்டித் தோற்றிருந்தால் மறு பில்ட் கேட்டால் போதுமானதாக இருக்கலாம். ஒரே ஒரு கட்டமைப்பில் பில்ட் ஆகாவிட்டாலும், முன்பு அங்கே இருந்த பேக்கேஜ் என்றால், எல்லாக் கட்டமைப்புகளுக்கும் நகர்வு நின்றுவிடும்.

பிறகு எக்ஸ்க்யூசஸ். அனுமதி கிடைத்தும் நகரவில்லை என்றால் அங்கே காரணம் எழுதியிருக்கும்: வயது போதவில்லை, மற்றொரு பேக்கேஜின் ஆட்டோபிகேஜிடெஸ்ட் உங்களால் தோற்கிறது, அன்ஸ்டேபிளில் புதிதாக ஒரு வெளியீடு நிறுத்தும் வழு வந்திருக்கிறது. இந்த மூன்றாவதில் வழு அறிக்கையின் பதிப்புக் குறிகளைப் பாருங்கள். டெஸ்டிங்கிலும் உள்ள பழைய வழு, புதிய பதிப்பில் மட்டும் இருப்பதாகக் குறிக்கப்பட்டிருந்தால், அதைப் புதிய சேதமாகக் கருதி பிரிட்னி மறிக்கும். டெஸ்டிங்கில் உள்ள பதிப்பையும் ஃபவுண்டு என்று குறித்துவிட்டால் வழி விடும்.

தானியங்கி நீக்கப் பட்டியலையும் வாரம் ஒருமுறை பாருங்கள், உங்கள் வழுக்களுக்காக மட்டுமல்லாமல் நீங்கள் நம்பியிருக்கும் பேக்கேஜ்களின் வழுக்களுக்காகவும். அவை நீக்கப்பட்டால் உங்களுடையதும் சேர்ந்து போகும். வழு அறிக்கையில் புதிய மடல் வந்தால் நீக்க நாள் தள்ளிப்போகும். திருத்தம் தயாராகிக்கொண்டிருந்தால் அதை அங்கே எழுதுங்கள்.

நீங்கள் நம்பியிருக்கும் பேக்கேஜை யாரும் கவனிக்கவில்லை என்றால் நீங்களே என்எம்யூ (பராமரிப்பாளர் அல்லாதவர் செய்யும் அப்லோடு) செய்யலாம். 2.4.1-3க்குப் பின் 2.4.1-3.1 என்று எண்ணிட்டு, என்எம்யூடிஃப்பால் பேட்ச்சை வழு அறிக்கைக்கு அனுப்பி, டிலேட் (தாமத) வரிசையில் போடுங்கள். 7 நாளுக்கும் மேல் பழைய வெளியீடு நிறுத்தும் வழு, 7 நாளாகப் பராமரிப்பாளரின் அசைவே இல்லை, திருத்தம் நடப்பதாக அறிகுறியும் இல்லை என்றால் தாமதமின்றியே அனுப்பலாம். அவர் ஏதாவது எழுதியிருந்தால் 2 நாள் விடுங்கள்.

தமிழ் மொழிபெயர்ப்பு அனுப்புபவர்களுக்கு

டெபியனின் வரைகலை நிறுவியில் தமிழ் இருக்கிறது. பேக்கேஜ்களை நிறுவும்போது கேட்கப்படும் டெப்கான்ஃப் கேள்விகளுக்கும் தமிழ் அனுப்பலாம். ஃப்ரீஸில் ஏற்கப்படும் மாற்றம் என்பதால் அவசரமாக அனுப்பிவிடுவோம். நிரல்களின் சரங்களில் உடைவது, மதிப்பு வந்து அமரும் %எஸ், %டி போன்ற வார்ப்புரு இடங்களில்தான். ஆங்கிலத்தில் முதலில் வரும் %டி தமிழ் வாக்கியத்தில் இரண்டாவதாகத்தான் இயல்பாக வரும். ‘எத்தனை கோப்பு, எந்த அடைவில்’ என்பது நமக்கு ‘எந்த அடைவில், எத்தனை கோப்பு’ ஆகிவிடுகிறது. ஒன்று எண், இன்னொன்று சரம் என்றால் வெறுமனே இடம் மாற்றி எழுதியது சி நிரலைச் செயலிழக்க வைக்கும். %2$எஸ், %1$டி என்று எண்ணிட்டு எழுதுங்கள். எம்எஸ்ஜிஎஃப்எம்டியை சோதனை விருப்பத்தோடு ஓட்டினால் பொருந்தாத இடங்களைச் சொல்லிவிடும். பிஓ (மொழிபெயர்ப்புக்) கோப்பில் வரி எண் குறிப்புகள் மட்டும் மாறிய நூற்றுக்கணக்கான வரிகள் டிஃப்பில் வரும். உண்மையில் மாறிய சரங்கள் எத்தனை என்று விண்ணப்பத்தில் எழுதிவிடுங்கள்.

தேதி தவறிவிட்டால்

கடைசி வாரத்தில் கண்டுபிடித்த வழு, பேக்கேஜைப் பயன்படுத்தவே முடியாமல் செய்வதாக இல்லாவிட்டால், முதல் பாயின்ட் ரிலீஸுக்கு (ஸ்டேபிளுக்கு வரும் திருத்தத் தொகுப்புக்கு) ஒதுக்கிவிடுவது நல்லது. ட்ரிக்ஸி ஆகஸ்ட் 9இல் வந்தது, 13.1 செப்டம்பர் 6இலேயே வந்துவிட்டது. நான்கு வாரம்தான். திருத்தம் முதலில் அன்ஸ்டேபிளுக்குப் போக வேண்டும். பிறகு ஸ்டேபிளில் உள்ள பதிப்பின் மேல் +டெப்13யூ1 என்று எண்ணிட்டுத் தயாரித்து, அதே ரிலீஸ்.டெபியன்.ஆர்க் போலி பேக்கேஜுக்கு, இம்முறை ட்ரிக்ஸி-பியூ வகையில், டெப்டிஃப்போடு விண்ணப்பம். பாதுகாப்பு வழு என்றால் முதலில் செக்யூரிட்டி டீமிடம் கேளுங்கள். தங்கள் வழியாக வெளியிடுவதா, பாயின்ட் ரிலீஸுக்கு விடுவதா என்று அவர்கள் சொல்வார்கள். மேம்படுத்துபவர்களைப் பாதிக்கும் வழுவாக இருந்தால், ரிலீஸ் நோட்ஸ் பேக்கேஜின் மேல் ஒரு வழு அறிக்கை பதிவுசெய்து, அதைத் தாண்டிப்போக என்ன செய்ய வேண்டும் என்பதை இரண்டு மூன்று வரியில் அப்படியே சேர்க்கும்படி எழுதிக் கொடுத்துவிடுங்கள்.